ரயிலை எடுக்கப் போனவர்கள்

நாணற்குளத்துக்கு நீங்கள் போயிருக்க மாட்டீர்கள். போயிருந்தாலும் கவனித்திருக்க மாட்டீர்கள், ரயில் அங்கே நிற்பது அவ்வளவு கொஞ்ச நேரம்தான். ஆனால் அந்த ஊரில் ஓர் ஏரி உண்டு. ஏரி நிறைய எருமைகள் உண்டு, எருமைகள் மேல் கொக்குகள் உண்டு, ஏரிக்குப் பின்னால் முட்டுப்பாறை என்று ஒரு மலையும் உண்டு. இத்தனை அழகும் யாரும் படம் எடுக்காமல் வீணாகப் போகிறதே என்று கவலைப்பட்டு மூன்று பேர் சேர்ந்து ஒரு மன்றம் ஆரம்பித்தார்கள். நாணற்குளம் இயற்கை ஒளிப்பட மன்றம் என்று பெயர். பறவை, மலை, ரயில் மூன்றையும் படம் எடுப்பது நோக்கம்.

தலைவர் தணிகாசலம், மாவு மில் வைத்திருந்தார். எதையும் நைசாக அரைத்துப் பார்த்த பிறகே முடிவு சொல்வார். செயலாளர் சூசைமாணிக்கம், தையற்காரர். கழுத்தில் இன்ச் டேப் இல்லாமல் அவரைப் பார்த்தவர்கள் கிடையாது. பொருளாளர் அய்யாக்கண்ணு, சைக்கிள் கடைக்காரர். சமீபத்தில்தான் கண்புரை ஆபரேஷன் செய்துகொண்டு கறுப்புக் கண்ணாடியோடு திரிந்தார். சாதாரண உறுப்பினர் என்று மன்றத்தில் யாரும் இல்லை. பதவிகளைக் கொடுத்து முடித்தபோது ஆள் மிச்சமில்லை.

இவர்களை ஊரில் யாரும் நேருக்கு நேர் முட்டாள்கள் என்று சொல்வதில்லை. ஒருமுறை யாரோ சொல்லிப் பார்த்தார்கள். மூவரும் "எங்கே?" என்று திரும்பிப் பார்த்தார்கள். பிறகு மூவருமாகச் சேர்ந்து தேட ஆரம்பித்துவிட்டார்கள்.

பஞ்சாயத்து அவர்களுக்குப் பழைய ரேஷன் கடை அறையைக் கொடுத்திருந்தது. அதில் ஒரு மேஜை, மூன்று நாற்காலி, நன்றாக ஓடும் ஒரு ஃபேன். மன்றம் அமைதியாக நடந்துவந்தது. கேமரா என்று ஒன்று இல்லாததால் படம் எடுப்பதில் இதுவரை ஒரு தவறும் நேரவில்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மூவரும் வந்து கதவைச் சாத்திக்கொள்வார்கள். இயற்கையைப் பற்றி ஆளுக்கு ஒரு வாக்கியம் பேசிவிட்டு நாற்காலியிலேயே தூங்கிவிடுவார்கள்.

அப்போதுதான் ஊரின் கேரம் விளையாட்டுக்காரர்கள் அந்த அறையைக் கேட்டார்கள். பஞ்சாயத்துத் தலைவி செங்கமலம் நியாயமான பெண்மணி. மன்றத்தைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார்.

"மாவட்டத்துல போட்டோ போட்டி வைக்கறாங்க. பறவை, இயற்கைக் காட்சி, ரயில்னு மூணு பிரிவு. ஒண்ணுலயாவது ஜெயிச்சு, கோப்பையைக் கொண்டாந்து என் மேஜை மேல வைங்க. இல்லன்னா ரூம் சாவியை வைங்க."

அன்று மதியம் மூவருக்கும் தூக்கம் வரவில்லை. அய்யாக்கண்ணு நிமிர்ந்து ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கேரம் ஆடுறவங்க வந்தா இந்த ஃபேனைப் போட மாட்டாங்க, தலைவரே. பவுடர் பறந்துடும்னு நிறுத்தி வெச்சிருவாங்க" என்றார். சூசைமாணிக்கம் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

தணிகாசலத்தின் மனைவி ரத்தினவல்லிக்குத் தீபாவளிக்குச் சேலை எடுத்த கடையில் குலுக்கலில் ஒரு கேமரா விழுந்திருந்தது. அதை அவர் பீரோவில் பட்டுச் சேலைகளுக்கு அடியில் வைத்திருந்தார். கணவன் வந்து கேட்டபோது முதலில் முடியாது என்றார். பிறகு கணவனின் முகத்தைப் பார்த்தார். இந்த ஆள் மதிய நேரத்தில் வீட்டில் இருக்க ஆரம்பித்தால் என்ன ஆகும் என்று யோசித்தார். கேமராவை எடுத்துக் கொடுத்துவிட்டார்.

"கண்ணு மாதிரி பாத்துக்கணும்" என்று மட்டும் சொன்னார்.

மன்றம் உடனே கூடியது.

"கண்ணு மாதிரின்னா எப்படிப் பாத்துக்கறது?" என்று கேட்டார் தணிகாசலம்.

"அதை என்கிட்ட விடுங்க" என்றார் அய்யாக்கண்ணு. "இந்த ஊர்ல கண்ணைப் பாத்துக்கறதுல என்னைவிட அனுபவம் யாருக்கு இருக்கு? காலையிலயும் சாயங்காலமும் மருந்து விடணும். வெயில்ல காட்டக் கூடாது. தூசி ஆகாது. குனியவே விடக் கூடாது."

சட்டைப் பையிலிருந்து சொட்டு மருந்தை எடுத்தார். சூசைமாணிக்கம் கேமராவை மல்லாக்கப் பிடித்துக்கொண்டார். அய்யாக்கண்ணு அதன் கண்ணில் பக்குவமாக மருந்து விட்டு, மேலே ஒரு பச்சைத் துணியைப் போட்டார். மறுநாள் காலையில் அதன் வழியாகப் பார்த்தபோது ஊரே பனி மூட்டமாக இருந்தது.

"ஒண்ணும் பயமில்லை. ஆபரேஷன் ஆன புதுசுல எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு" என்றார் அய்யாக்கண்ணு.

போட்டி நடத்துகிற சங்கத்திலிருந்து ஊர் ஊராகப் போய்ப் பாடம் சொல்லிக்கொடுக்க பூங்கோதை என்கிற படக்கலைஞரை அனுப்பியிருந்தார்கள். நாணற்குளத்துக்கும் அவர் வந்தார். கேமராவைக் கையில் வாங்கியதும் கண்ணாடி பிசுபிசுப்பதைப் பார்த்தார்.

"இது என்னங்க?"

"மருந்துங்க" என்றார் அய்யாக்கண்ணு.

பூங்கோதை மூன்று முகங்களையும் ஒரு சுற்றுப் பார்த்தார். கண்ணாடியைச் சுத்தமாகத் துடைத்தார். அடுத்த பஸ்ஸைப் பிடிக்க வேண்டியிருந்ததால் சுருக்கமாகப் பாடத்தைச் சொன்னார்.

"மலையை எடுக்கறப்ப படத்துல ஒரு ஆளை நிறுத்துங்க. அப்பத்தான் மலையோட அளவு தெரியும். பறவையை எடுக்கறப்ப, எடுக்கறவர் அந்த இடத்தோட இடமா கலந்துடணும். நீங்க ஆளுன்னே அதுக்குத் தெரியக் கூடாது. ரயில் ஓடுறப்ப கேமராவை ஒரே இடத்துல வெச்சிருந்தா வண்டி கலங்கித் தெரியும். அதனால ரயில் போகப் போக கேமராவும் அதோட சேர்ந்து போகணும், இப்படி."

அப்படிச் சொல்லும்போது இடுப்பை மெல்லத் திருப்பிக் காட்டினார். அம்மாவுக்கு இடுப்பு வலி போலிருக்கிறது என்று நினைத்து மூவரும் மரியாதையாகத் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

கடைசியாக ஒரு பட்டனைக் காட்டினார். "இதை அமுக்கிட்டா அதுவே விட்டு விட்டுப் படம் எடுத்துக்கிட்டே இருக்கும். நீங்க தொடவே வேண்டாம்." அந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு நம்பிக்கை தெரிந்தது.

முதலில் மலையை எடுத்துவிடுவது என்று முடிவானது. அது ஓடாது, பறக்காது. அதோடு, அளவு எடுக்கிற விஷயத்தில் மன்றத்துக்குள்ளேயே ஒரு நிபுணர் இருந்தார்.

முட்டுப்பாறையின் அடிவாரத்தில் நின்று சூசைமாணிக்கம் மலையை மேலும் கீழும் பார்த்தார்.

"இதுக்கு எந்த அளவு வேணும்னு அந்தம்மா சொல்லலையே, தலைவரே. உயரமா, மார்புச் சுற்றளவா, இடுப்பா?"

தணிகாசலம் யோசித்தார். "மலைக்கு இடுப்பு எங்க இருக்கு?"

"அதைத்தான் நானும் பாக்கறேன். எல்லாம் வயிறாத்தான் இருக்கு."

"அப்ப உயரத்தை மட்டும் எடுங்க."

சூசைமாணிக்கம் டேப்பின் ஒரு முனையை மலையின் காலில் வைத்தார். டேப் முடிந்த இடத்தில் தையல் சாக்கட்டியால் கோடு போட்டார். கோட்டிலிருந்து மறுபடியும் டேப்பை வைத்தார். இப்படியே குனிந்த தலை நிமிராமல் மேலே போய்க்கொண்டிருந்தார். கீழே தணிகாசலம் கேமராவோடு காத்திருந்தார். கேமரா குனியக் கூடாது என்பதற்காக அய்யாக்கண்ணு அதன் அடியில் கையைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டிருந்தார்.

வெயில் தாழும் நேரத்தில் சூசைமாணிக்கம் உச்சிக்குப் போய்ச் சேர்ந்தார். கையைக் குவித்து அளவைக் கத்திச் சொன்னார். தணிகாசலம் சரியாக அந்த நேரம் பார்த்து படம் எடுத்தார். கீழே இறங்கி வந்ததும் மூவரும் படத்தைப் பார்த்தார்கள். மலை இருந்தது. உச்சியில் எறும்பு மாதிரி சூசைமாணிக்கம் இருந்தார்.

"அளவு தெரியலையே" என்றார் தணிகாசலம்.

"நான் சத்தமாத்தானே சொன்னேன்?"

"என் காதுல விழுந்துச்சு. படத்துல விழலையே. எத்தனை சொன்னீங்க?"

சூசைமாணிக்கத்துக்கு இறங்குகிற கவனத்தில் மறந்துபோய்விட்டது. பிறகு தொழில் தெரிந்தவரின் நிதானத்தோடு, "அளவு தெரிஞ்சுதான் என்ன பண்ணப் போறோம், தலைவரே? இது ரெடிமேட். ஆல்டரேஷன் எல்லாம் பண்ண முடியாது" என்றார். மலை கைவிடப்பட்டது.

அடுத்தது பறவை. இடத்தோட இடமாகக் கலந்துவிட வேண்டும் என்றால் எந்த இடத்தோடு கலப்பது என்று பார்க்க மூவரும் ஏரிக்கரைக்குப் போனார்கள். தண்ணீருக்குள் எருமைகள் கிடந்தன. எருமைகள் மேல் கொக்குகள் நின்றன.

"பாருங்க, கொக்கு எருமைக்குப் பயப்படுதா?" என்றார் தணிகாசலம். "பயப்படல. மேலேயே ஏறி நிக்குது. அப்ப நாம என்ன ஆகணும்?"

மற்ற இருவரும் தலைவரை மரியாதையோடு பார்த்தார்கள்.

அய்யாக்கண்ணு கடையிலிருந்து ஒரு கறுப்புத் தார்ப்பாயும் பழைய சைக்கிள் ஹேண்டில்பார் ஒன்றும் வந்தன. சூசைமாணிக்கம் தார்ப்பாயை எருமைக்குப் பொருத்தமாகத் தைத்தார். ஹேண்டில்பார் கொம்பானது. அதில் இருந்த மணியைக் கழற்ற முடியவில்லை, துருப்பிடித்திருந்தது. அப்படியே விட்டுவிட்டார்கள்.

எருமைக்குள் யார் எங்கே இருப்பது என்பதில் சின்ன விவாதம் வந்தது.

"தலைவர்தான் முன்னாடி இருக்கணும். மன்றத்துக்கு ஒரு மரியாதை இருக்கு" என்றார் அய்யாக்கண்ணு.

"அப்ப நான் பின்னாடி. கேமரா?" என்று கேட்டார் சூசைமாணிக்கம்.

"அதுவும் உங்ககிட்டத்தான். எடுக்கறவர்தான் கலக்கணும்னு அந்தம்மா சொன்னாங்க. அய்யாக்கண்ணு கரையில இருந்து பாத்துக்கட்டும். அவர் கண்ணுல தண்ணி படக் கூடாது" என்றார் தணிகாசலம்.

எருமை தண்ணீருக்குள் இறங்கியது. நிஜ எருமைகள் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டன. நேரம் போனது. பிறகு ஒரு பெரிய வெள்ளைக் கொக்கு வட்டமடித்து வந்து, மன்றத்தின் முதுகில் இறங்கியது.

"தலைவரே" என்று உள்ளேயிருந்து சூசைமாணிக்கம் கிசுகிசுத்தார். "முதுகுல யாரோ நடக்கறாங்க."

"கொக்கா?"

"நடை கொக்கு மாதிரிதான் இருக்கு."

"எடுங்க."

"அது வெளிய இருக்கு, தலைவரே. நான் உள்ள இருக்கேன்."

தணிகாசலம் இதை அரைத்துப் பார்த்தார். "அதை உள்ள வரச் சொல்லவும் முடியாது" என்றார்.

கரையில் அய்யாக்கண்ணுவுக்கு மட்டும் எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. கொக்கு ஒற்றைக் காலில் நின்றது. சாயங்கால வெயில் அதன் இறகில் பட்டுப் பளபளத்தது. ஆபரேஷனுக்குப் பிறகு அவர் பார்த்த முதல் அழகான காட்சி அது. தாங்க முடியாமல், "எடுத்துட்டீங்களா? நல்லா நிக்குது, எடுத்துட்டீங்களா?" என்று கத்திவிட்டார். கொக்கு பறந்தது.

அந்தச் சத்தத்தைக் கேட்டு மருதாயி வந்தாள். எருமைகள் எல்லாம் அவளுடையவை. பொழுது சாயப்போகிறதென்று கம்பை ஓங்கி எல்லாவற்றையும் கரையேற்றினாள். கொம்பில் மணி இருந்த எருமையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அதன் பின்பக்கமாக ஒரு அடி போட்டாள். அதுவும் மற்றவற்றோடு நடந்தது.

"தலைவரே, சொல்லிடலாமா?" என்றார் சூசைமாணிக்கம், அடி வாங்கியவர் அவர்தான்.

"கூடாது. நாம ஆளுன்னு தெரியக் கூடாதுன்னு பாடம்."

"அது பறவைக்கில்ல?"

"மருதாயிக்குத் தெரிஞ்சா ஊருக்கே தெரியும். ஊருக்கே தெரிஞ்சா பறவைக்குத் தெரியாம இருக்குமா? நாளைக்கு எந்தக் கொக்கும் பக்கத்துல வராது."

ஆகவே மன்றம் மருதாயியின் தொழுவம் வரைக்கும் நடந்துபோய் வரிசையில் நின்றது. அய்யாக்கண்ணு ஒன்றும் செய்யத் தோன்றாமல் பின்னாலேயே வந்து வேலிக்கு வெளியே நின்றுகொண்டார். மருதாயி ஒவ்வொரு எருமைக்கும் முன்னால் தொட்டியில் புண்ணாக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே வந்தாள். இவர்களுக்கும் ஊற்றினாள். ஊற்றிவிட்டுப் போகாமல் பக்கத்திலேயே நின்றாள்.

"குடிக்கணுமா?" என்று கேட்டார் சூசைமாணிக்கம்.

"ஒரு வாய் குடிங்க. சந்தேகம் வரக் கூடாது."

"நான் பின்னாடி இருக்கேன், தலைவரே. குடிக்க வேண்டியது நீங்க."

பதவிக்கு உள்ள பொறுப்பு தணிகாசலத்துக்கு அப்போதுதான் முழுசாகப் புரிந்தது. குனிந்து குடித்தார். நன்றாகத்தான் கரைத்திருந்தாள் என்று பிறகு மன்றத்தில் சொன்னார்.

மருதாயி உள்ளே போய்ப் பால் சொம்பை எடுத்துக்கொண்டு வந்தாள். எருமையின் பின்பக்கத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். கையில் விளக்கெண்ணெய் தடவிக்கொண்டாள். சூசைமாணிக்கம் அந்த நிமிஷமே செயலாளர் பதவியை ராஜினாமா செய்துவிட்டு எருமையிலிருந்து வெளியே வந்து, வேலியைத் தாண்டி ஓடினார்.

மருதாயி அசையவில்லை. "இது பால் குடுக்காதுன்னு எனக்கு முதல்லயே தெரியும்" என்றாள், மிச்சமிருந்த பாதி எருமையைப் பார்த்து.

மறுநாள் ராஜினாமாவைப் பற்றி மன்றம் கூடிப் பேசியது. யார் ராஜினாமா கொடுத்தாலும் அதை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டியவர் செயலாளர்தான். அப்போது செயலாளர் பதவி காலியாக இருந்தது. ராஜினாமாவை வாங்க ஆளில்லை என்பதால் சூசைமாணிக்கம் பதவியில் தொடர்ந்தார்.

இப்போது ரயில் மட்டும்தான் பாக்கி. போட்டிக்கான கெடுவும் நெருங்கிவிட்டது. காலை பாசஞ்சர் வருவதற்கு முன்பே மூவரும் குளித்துவிட்டு ஸ்டேஷனுக்குப் போனார்கள். இருவர் திருநீறு பூசியிருந்தார்கள். சூசைமாணிக்கம் சிலுவை போட்டுக்கொண்டார். ஸ்டேஷன் மாஸ்டர் லோகிதாசன் பல் துலக்கிக்கொண்டிருந்தார்.

"சார், ரயிலை எடுத்துக்கலாமுங்களா?" என்று கேட்டார் தணிகாசலம்.

லோகிதாசன் பிரஷ்ஷை வாயிலிருந்து எடுத்தார். "எந்த ரயிலை?"

"இப்ப வரப்போறதை."

"எடுத்து?"

"பெரிசு பண்ணி, சட்டம் போட்டு, போட்டிக்கு அனுப்புவோம். ஜெயிச்சா மன்றத்துல ஆணியடிச்சு மாட்டுவோம்."

லோகிதாசன் வாய் கொப்பளிக்க உள்ளே போனார். கொஞ்ச நேரம் வெளியே வரவில்லை. அவருக்கு ரிட்டயர் ஆக அதிக காலம் இல்லை.

ரயில் வருகிற சத்தம் கேட்டது. ரயில் போகப் போகக் கேமராவும் அதோடு சேர்ந்து போக வேண்டும் என்பதை மூவரும் இன்னொருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்கள்.

"நாமளும் கூடப் போகணுமா?" என்றார் அய்யாக்கண்ணு.

"கேமரா போகணும்னுதான் சொன்னாங்க" என்றார் தணிகாசலம். "நாம தொடவே வேண்டாம்னுட்டாங்க."

ரயில் வந்து நின்றதும் சூசைமாணிக்கம் ஏறினார். ஜன்னலோரம் கேமராவை வைத்து, வெளியே பார்க்கிற மாதிரி துணிக் கிழிசலால் கம்பியோடு சேர்த்து இறுக்கிக் கட்டினார். பட்டனை அமுக்கினார். எதிர் ஸீட்டில் இருந்தவரிடம், "அது யார்கிட்டயும் பேசாதுங்க, அது பாட்டுக்கு வேலையைப் பாக்கும்" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டார். ரயில் கிளம்பியது. மூவரும் கையசைத்தார்கள். மனசுக்கு நிறைவாக இருந்தது. பிளாட்பாரத்தில் டீ குடித்தார்கள்.

அன்று சாயங்காலம் ரத்தினவல்லி கேட்டார்.

"கேமரா எங்க?"

"வேலைக்குப் போயிருக்கு."

"எங்க போயிருக்கு?"

தணிகாசலம் பதில் சொல்ல வாயெடுத்தார். அப்போதுதான் முதல்முறையாக அவருக்கும் அந்தக் கேள்வி தோன்றியது. நடந்ததைச் சொன்னார். ரத்தினவல்லி கத்தவில்லை. அடுப்பை அணைத்தார். "அது வீட்டுக்கு வரும்போது நீங்களும் வாங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

தணிகாசலம் நேராக ஸ்டேஷனுக்குத்தான் போனார். திரும்பி வருகிற வண்டி அதற்குள் போய்விட்டிருந்தது. விஷயம் தெரிந்து மற்ற இருவரும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்கள். படமும் இல்லை, கேமராவும் இல்லை, நாளைக்கு அறையும் இருக்காது. அய்யாக்கண்ணு சொட்டு மருந்தைக் கையில் வைத்துக்கொண்டு, "வேளைக்கு மருந்து விட ஆளில்லாம எங்க கிடக்குதோ" என்றார். அதைக் கேட்டதும் சூசைமாணிக்கம் அழுதேவிட்டார்.

மறுநாள் காலையில் அதே ரயில் வந்தது. மூவரும் பெட்டி பெட்டியாக ஓடினார்கள். கேமரா கட்டிய இடத்திலேயே இருந்தது. அதன் பக்கத்தில் யாரோ துண்டைப் போட்டு இடம் பிடித்திருந்தார்கள். வேறு ஒரு குறையும் இல்லை.

மன்றத்து அறையில் உட்கார்ந்து அது எடுத்த படங்களைப் பார்த்தார்கள். பாதிக்கு மேல் கம்பமும் முள்மரமும்தான். சிலவற்றில் யாரோ ஒருவரின் முழங்கை. பிறகு ஒரு படம் வந்தது. ரயில் ஏரிக்கரையில் வளைந்து திரும்புகிற இடம். படத்தின் ஓரத்தில் அந்த ரயிலின் இன்ஜினே வளைந்து போய்க்கொண்டிருந்தது. சத்தம் கேட்டு எழும்பிய கொக்குகள் கூட்டமாக வானத்தில் சிதறியிருந்தன. எல்லாவற்றுக்கும் பின்னால், காலை வெயிலில் சிவந்து, முட்டுப்பாறை.

அய்யாக்கண்ணு கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.

"நம்ம ஊரா இது?" என்றார்.

"நம்ம ஊர்தான். நாம இல்லாததால நல்லா விழுந்திருக்கு" என்றார் தணிகாசலம்.

படத்தைப் பெரிசாகப் போட்டுப் போட்டிக்கு அனுப்பும்போது எடுத்தவர் பெயரை எழுத வேண்டியிருந்தது. நேர்மை விஷயத்தில் மன்றம் கண்டிப்பானது.

"நாம எடுக்கல. அந்த நேரம் டீ குடிச்சுக்கிட்டிருந்தோம்" என்றார் சூசைமாணிக்கம்.

"அப்ப கேமரா எடுத்ததுன்னு எழுதலாமா?" என்றார் அய்யாக்கண்ணு.

"கேமரா ஒரு மிஷினு. மாவை மிஷின் அரைச்சுதுன்னு யாராவது சொல்றாங்களா? தணிகாசலம் அரைச்சாருன்னுதான் சொல்றாங்க. கேமராவைத் தூக்கிட்டுப் போய் சரியான இடத்துல காட்டினது யாரு?" என்று கேட்டார் தணிகாசலம்.

மூவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். சூசைமாணிக்கம் பேனாவை எடுத்து எழுதினார். பெயர்: பாசஞ்சர். ஊர்: நாணற்குளம் வழி.

ரயில் பிரிவில் அந்தப் படத்துக்கே கோப்பை. செய்தி வந்ததும் மூவரும் சலவை வேட்டியில் மாவட்டத் தலைநகருக்குப் போனார்கள். சங்கத்து எழுத்தர் ஆவுடைநாயகம் மேஜையில் கோப்பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"பாசஞ்சர்ங்கறது புனைபெயரா? நல்லாருக்கு. யாரு அவரு, வந்திருக்காரா?"

"அவரால வர முடியாதுங்க. தினமும் டூட்டி" என்றார் தணிகாசலம்.

"ஒரு நாள் லீவு போடக் கூடாதா?"

"போட்டா ஊர் ஜனம் தவிச்சுப் போயிடும்."

"என்ன வேலை பாக்கறாரு?"

"ஆளுங்களை ஏத்தி இறக்கறது."

ஆட்டோக்காரர் போலிருக்கிறது என்று ஆவுடைநாயகம் நினைத்துக்கொண்டார். உழைப்பாளிகள் மேல் அவருக்கு மதிப்பு உண்டு. "சரி, இந்த ரசீதுல அவர் கையெழுத்தை வாங்கிட்டு வாங்க. கோப்பையை உங்ககிட்டயே குடுத்துடறேன்."

"அவருக்கு எழுதத் தெரியாதுங்களே."

"படிக்க?"

"அவர் உடம்பு மேலயே நிறைய எழுதியிருக்கு. அதைப் படிச்சிருப்பாரான்னு தெரியல."

பச்சை குத்திக்கொண்டவர் என்று ஆவுடைநாயகம் குறித்துக்கொண்டார். "அப்ப கைநாட்டு வைக்கச் சொல்லுங்க. ஆம்பளைன்னா இடது கை, பொம்பளைன்னா வலது கை. மாறிடக் கூடாது."

நாணற்குளம் ஸ்டேஷனில் இறங்கியதும் அங்கேயே மன்றம் கூடியது. ரயில் ஆம்பளையா, பொம்பளையா என்பது பொருள்.

"பொம்பளைதான்" என்றார் சூசைமாணிக்கம். "எல்லாரையும் சுமக்குது. நேரத்துக்குச் சாப்பிடறதில்லை. கடைசி ஆள் இறங்கற வரைக்கும் காத்துக்கிட்டு நிக்குது."

"சத்தம் போடுதே?" என்றார் அய்யாக்கண்ணு.

"எங்க வீட்ல வந்து பாருங்க."

தணிகாசலம் கையை உயர்த்தினார். "ஒரே ஒரு கேள்வி. சொன்ன நேரத்துக்கு வீடு வந்து சேருதா?"

மூவரும் தரையைப் பார்த்தார்கள். ஆம்பளை என்று ஏகமனதாகத் தீர்மானம் ஆனது.

மறுநாள் இடது தண்டவாளத்தின் மேல் ஸ்டாம்ப் பேடு மையைத் தாராளமாகத் தடவி, ரயில் மையை மிதித்ததும் அடுத்து மிதிக்கிற இடத்தில் ரசீதை வைத்து ஓரத்தில் பசையால் ஒட்டினார்கள். பிளாட்பாரத்தின் மறுகோடிக்குப் போய் நின்றுகொண்டார்கள். சாயங்கால ரயில் வந்தது. கொஞ்சமும் தயங்காமல் கைநாட்டு வைத்துவிட்டுப் போனது. ஓடிப்போய்ப் பார்த்தார்கள். ரசீதின் நடுவே கறுப்பாக, அகலமாக, தெளிவாக விழுந்திருந்தது.

லோகிதாசன் பின்னால் வந்து நின்றார். எல்லாவற்றையும் அவர் ஜன்னல் வழியாகப் பார்த்திருந்தார்.

"எந்தத் தண்டவாளத்துல வெச்சீங்க?"

"இடதுல, சார்."

"காலையில போற வண்டிக்குத்தான் அது இடது. இது திரும்பி வர்ற வண்டி. இதுக்கு அது வலது."

மூவரும் தண்டவாளத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார்கள். தணிகாசலம் வெகுநேரம் அரைத்தார்.

"அப்ப இது போகும்போது ஆம்பளை" என்றார் மெதுவாக. "வரும்போது பொம்பளை."

லோகிதாசன் உள்ளே போய்விட்டார்.

வேறு வழியில்லாமல் ரசீதை அப்படியே கொண்டுபோய்க் கொடுத்தார்கள். ஆவுடைநாயகம் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"என்னய்யா, கட்டை விரல் இவ்வளவு பெரிசா இருக்கு?"

"உழைச்ச உடம்புங்க" என்றார் சூசைமாணிக்கம்.

"எந்தக் கை?"

பொய் சொல்ல மனசு வரவில்லை. "வலதுங்க" என்றார் தணிகாசலம்.

ஆவுடைநாயகம் எழுந்து நின்றுவிட்டார். "அம்மாவா? இதை முதல்லயே சொல்ல மாட்டீங்களா? இந்த மாவட்டத்துல ரயில் படத்துக்கு இதுவரைக்கும் ஒரு பெண்மணி ஜெயிச்சதே இல்லை." உள்ளே போய்க் கோப்பையோடு ஒரு பட்டுச் சேலையையும் கொண்டுவந்து, பெண் கலைஞர்களுக்குச் சங்கம் செய்கிற மரியாதை இது என்று சொல்லித் தணிகாசலத்தின் கையில் கொடுத்தார்.

கோப்பை செங்கமலத்தின் மேஜைக்குப் போனது. சாவி மன்றத்திடமே இருந்தது. ரத்தினவல்லி கேமராவை வாங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டினார். படத்தில் மட்டும் ஒரு பிரதி கேட்டு வாங்கிக்கொண்டு, கணவனை வீட்டுக்குள் விட்டார். பட்டுச் சேலையை அவர் தடவிப் பார்த்தபோது தணிகாசலம் அவசரமாக வாங்கிக்கொண்டார். அது உரியவரிடம் போய்ச் சேர வேண்டிய பொருள்.

மறுநாள் காலையில் மூவரும் தாம்பாளத்தில் சேலையை வைத்து, வெற்றிலை, பாக்கு, பூவோடு பிளாட்பாரத்தில் காத்திருந்தார்கள். ரயில் வந்து நின்றது. அய்யாக்கண்ணு தாம்பாளத்தை நீட்டிக்கொண்டு இன்ஜினை நோக்கி நடந்தார். தணிகாசலம் அவர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"இருங்க. இப்ப போற வண்டி. ஆம்பளைகிட்டப் போய் சேலையை நீட்டினா என்ன நினைப்பாரு?"

அய்யாக்கண்ணு தாம்பாளத்தைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். ரயில் பார்த்துவிடாதபடி மூவரும் அது போகிறவரைக்கும் வேறு எதையோ பற்றிப் பேசுகிற மாதிரி பேசிக்கொண்டிருந்தார்கள். பிறகு பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்து, சாயங்காலம் அந்தம்மா திரும்பி வருவதற்காகக் காத்திருந்தார்கள்.